கொடுமுடி சுந்தராம்பாள் வரலாறும் ஆற்றுப்படை மரபும்

முன்னுரை

கலைஞர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர் இரு வேறு வினாக்களுக்கு விடை காண வேண்டியவர் ஆவர். அவர் புகழை எங்ஙனம் பெற்றார் என்பது ஒன்று. தம் கலையை எங்ஙனம் பெற்றார் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றே போலத் தோன்றும், ஆயின் ஒன்றல்ல. புகழ் ஒரே நாளில் வந்து சேர்தலும் உண்டு. கலை அங்ஙனம் வருவதில்லை. தமிழகத்து இசைக் கலைஞரைப் பற்றி இன்று வழங்கும் வரலாறுகளுள் மிகப் பல முதல் வினாவிற்கு மட்டும் விடை கூறி, அதனையே இரண்டாம் வினாவிற்கும் விடையாகக் கொண்டு அமைகின்றன. இதனால் விளையும் குறை யாது என்பதனைக் கே. பி. சுந்தராம்பாள் (1908–1980) அவர்களின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சியில் யாம் புகுந்த வழியை முதற்கண் கூறுதல் தகும். தாம்பரத்திற்குத் தெற்கே வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஊர்கள் இருப்புப்பாதையை ஒட்டி வரிசையாக அமைந்துள்ளன. ஊரப்பாக்கத்திலிருந்து நகருக்கு நாள்தோறும் மின்சார இரயிலில் செல்வோர், பெட்டிக்குப் பெட்டி ஏறி இறங்கிப் பாடிவரும் பார்வையற்ற பாடகரை நன்கு அறிவர். தோளில் ஒரு சிறு ஒலிபெருக்கி, ஒரு கையில் ஒலிவாங்கி, மறு கையில் கோல். பாடுவன பெரும்பாலும் பழைய திரைப்படப் பாடல்கள். அத்தகையார் ஒருவர்க்குக் காசு இட்ட பயணி ஒருவர், "கே. பி. சுந்தராம்பாளும் இரயிலில் பாடினவர்தாமே, இவருக்கும் ஒரு நாள் வேளை வரும்" என்று அருகிருந்த எம்மிடம் கூறினார். அவர்தம் பரிவு உண்மையானது. ஆயின் அக்கூற்று உண்மையானதுதானா? இரயிலில் பாடியதனால் ஒருவர் சுந்தராம்பாள் ஆயினார் என்று கொள்ளுதல் பொருந்துமா? இவ்வினாவே எம்மைத் தொடர்ந்து வந்தது.

வழங்கிவரும் வரலாறு

ஈரோட்டிற்கும் கரூருக்கும் இடையே காவிரிக் கரையில் அமைந்த ஊர் கொடுமுடி. தேவாரப் பாடல் பெற்ற பாண்டிக்கொடுமுடி இதுவே. இவ்வூரில் 1908ஆம் ஆண்டு பிறந்தவர் சுந்தராம்பாள். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயார் பாலாம்பாள் வறுமையிடையே மக்களை வளர்த்தார். பெயரின் முன் நிற்கும் இரண்டு எழுத்துகளுள் ஒன்று ஊரையும், மற்றொன்று தாயையும் குறிப்பன. தந்தை பெயரின் முதலெழுத்தை இடுதலே பெருவழக்காய் உள்ள நாட்டில், ஊரும் தாயுமே அவர்தம் பெயருக்கு முன் நிற்றல் கருதத்தக்கது. அவ்விரண்டெழுத்தும் தாமே ஒரு வரலாறு கூறுகின்றன.

இனி, பலரும் கூறும் நிகழ்ச்சி வருமாறு: வறுமையுற்ற சிறுமி புகைவண்டியில் பாடிக் காசு பெற்றாள், அவ்வண்டியில் வந்த பெரியவர் ஒருவர் அக்குரலைக் கேட்டு வியந்தார், நாடகக் குழு ஒன்றில் அவளைச் சேர்த்தார், அன்று தொடங்கி அவள் வாழ்வு உயர்ந்தது. அப்பெரியவர் எஃப். ஜி. நடேச ஐயர் என்பர். அவர் தென்னிந்திய இரயில்வேயில் அலுவலர். திருச்சிராப்பள்ளியில் நாடகம் வளர்த்தவர். முதலில் சேர்ந்தது பி. எஸ். வேலு நாயர் அவர்களின் குழு என்றும், நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் சிறுவனாக மேடை ஏறினார் என்றும் கூறுவர்.

இவ்வரலாற்றை உரைப்போர் தம்முள் மாறுபடுகின்றனர். அந்நிகழ்ச்சி நடந்தபோது அவர் சிறுமி என்பார் ஒரு சாரார்; பத்தொன்பது வயதினர் என்பார் மற்றொரு சாரார். பின்னவர் கூற்று நில்லாது. 1908இல் பிறந்தவர்க்குப் பத்தொன்பது வயது நிரம்பும் ஆண்டு 1927 ஆகும். 1926இலேயே அவர் இலங்கையில் நாடகமேடையில் புகழ்பெற்ற நடிகையாய் இருந்தார் என்பதும், அங்கேதான் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடிக்கத் தொடங்கினார் என்பதும், 1927இல் அவரை மணந்தார் என்பதும் யாவரும் ஒப்புவன. எனவே இரயில் நிகழ்ச்சியைப் பத்தொன்பதாம் வயதில் வைப்போர், அவர் மேடையில் உழைத்த இளமை ஆண்டுகள் அனைத்தையும் தம்மை அறியாமலே துடைத்துவிடுகின்றனர். இஃது எண்ணிக்கைப் பிழை என்று மட்டும் கொள்ளற்பாலதன்று. கதையின் அமைப்பே இப்பிழைக்கு இடந்தருகின்றது. எங்ஙனமெனில், அக்கதைக்கு வேண்டியவை மூன்றே: வறுமை, கண்டெடுப்பு, பெருஞ்செல்வம். 1935இல் வெளிவந்த நந்தனார் திரைப்படத்திற்கு அவர் ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்னும் செய்தி மூன்றாம் உறுப்பாக வந்து நிற்கின்றது. இரயிலுக்கும் இலட்சத்திற்கும் இடையே கழிந்த ஏறத்தாழப் பதினைந்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கதையில் இடம் பெறுவதில்லை.

இன்னொன்றும் நோக்குக. எம். கே. தியாகராச பாகவதரின் வரலாற்றிலும் இதே நடேச ஐயர் வருகின்றார். 1910இல் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்து திருச்சிராப்பள்ளியில் வளர்ந்த சிறுவனின் குரலைக் கேட்டு, அரிச்சந்திரன் நாடகத்தில் உலோகிதாசனாக மேடை ஏற்றியவர் அவரே. பாகவதர் அதன்பின் பொன்னு ஐயங்காரிடம் பல்லாண்டு இசை பயின்றார். ஆயினும் மக்கள் நாவில் நிற்பது கண்டெடுத்த கதையே. பயின்ற கதை அன்று. இரண்டு பேரிசைக் கலைஞரின் வரலாறு ஒரே அச்சில் வார்த்தாற்போல் அமைதலைக் காணுங்கால், நாம் வரலாற்றை அன்றி, வரலாறு சொல்லும் ஒரு மரபையே எதிர்கொள்கின்றோம் என்பது புலனாகும்.

ஆற்றுப்படை கூறும் முறை

வறிய பாடகர் வளம் பெற்ற செய்தியைப் பாடுதல் தமிழர்க்குப் புதிதன்று. அதற்கென்றே ஓர் இலக்கிய வகை தோன்றி வளர்ந்த மொழி நம் மொழி. கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியரும் தாம் பெற்ற செல்வத்தை, வழியில் எதிர்ப்பட்ட பெறாதார்க்கு அறிவித்து, அவரும் சென்று பெறுமாறு வழிப்படுத்தலே ஆற்றுப்படை என்பது தொல்காப்பியப் புறத்திணையியல் தரும் கருத்து. பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படையாய் அமைந்தமை யாவரும் அறிந்ததே. இன்றைய பாடகர் வரலாறுகள் தம்மை அறியாமலே இம்மரபின் வழி வந்தன என்பது எம் கருத்து. ஆயின் வரும் வழியில் அவை இழந்தது ஒன்று உண்டு.

முடத்தாமக்கண்ணியார் கரிகாற் பெருவளத்தான் மீது பாடிய பொருநராற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். பொருநனின் வறுமையை அப்புலவர் மறைக்கவில்லை. வேர்வையில் நனைந்து, பேன் குடிகொண்டு, வேற்று நூலால் தைக்கப்பட்ட கந்தல் ஆடையையும், அதனை நீக்கி அரசன் அளித்த, பாம்பின் உரியை ஒத்த நுண்ணிய ஆடையையும் அடுத்தடுத்து நிறுத்திக் காட்டுகின்றார். இன்றைய வரலாற்றாசிரியர் விரும்பும் வறுமையும் செல்வமும் ஈண்டு உள்ளன. ஆயின் நூலின் தொடக்கத்தில் இவையிரண்டும் இல்லை. அங்கு நிற்பது யாழ். அதன் பத்தல், போர்வை, ஆணி, கோடு, நரம்பு என உறுப்பு உறுப்பாகப் புலவர் விரித்துரைக்கின்றார். வழிப்பறி செய்யும் கள்வரும் தம் படைக்கலத்தை நழுவவிட்டு அருள்கொள்ளச் செய்யும் இசை அந்த யாழில் எழுகின்றது. அரசனின் கொடைக்கு முன்னரே, அரசனை நோக்கிச் செல்லும் வழியிலேயே, அக்கலை நிறைவுற்று விளங்குகின்றது. கரிகாலன் கலைஞனை ஆக்கவில்லை. ஆகிய கலைஞனை அறிந்தான்.

சிறுபாணாற்றுப்படையும் இந்நெறியினதே. இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய பாட்டு அது. அவனது கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை அடுத்துள்ளது. ஊரப்பாக்கத்தைக் கடந்து செங்கற்பட்டு வழியாகத் தெற்கே செல்லும் இருப்புப்பாதை அத்திண்டிவனத்தின் வழியே செல்கின்றது. இன்று இரயிலில் பாடுவோர் செல்லும் திசையிலேயே அன்று சிறுபாணனும் ஆற்றுப்படுத்தப்பட்டான் என எண்ணுதல் நமக்கு ஓர் இன்பம் தருகின்றது. இடிந்த அடுக்களையில் ஈன்ற நாய் குரைக்க, உப்பின்றி வெந்த குப்பைக் கீரையைப் புறங்கூறுவார் காணாதபடி கதவடைத்துச் சுற்றத்தோடு உண்ணும் வறுமையை அந்நூல் கூறும். அங்ஙனம் கூறும்போதும், அப்பாணன் பண்ணின் நயம் தெரிந்தவன், கைத்திறம் வாய்ந்தவன் என்பதனை அது முன்னரே நிறுவிவிடுகின்றது. வறுமை அவனது நிலை; கலை அவனது தகுதி. இரண்டையும் புலவர் குழப்பவில்லை.

அரங்கேற்று காதை காட்டும் அளவு

ஆற்றுப்படை கலையின் நிறைவைக் காட்டுமேயன்றிக் கலை கற்ற வரலாற்றை விரித்துக் கூறாது. அவ்வரலாற்றைக் கூறிய பெருமை இளங்கோவடிகளுடையது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மாதவி ஐந்தாம் ஆண்டில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் ஆண்டில் அரசன் முன் ஆடுகின்றாள். அவள் ஆடுமுன், ஆடலாசிரியனின் இலக்கணம், இசையாசிரியனின் இலக்கணம், பாட்டு இயற்றும் புலவனின் இலக்கணம், தண்ணுமை, குழல், யாழ் ஆகியவற்றிற்குரிய ஆசிரியரின் இலக்கணம் என ஒவ்வொன்றும் முறையே கூறப்படுகின்றது. பின்னர் அரங்கின் நீளம், அகலம், உயரம் அளந்து கூறப்படுகின்றன. அவள் தலைக்கோல் எய்தி ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெற்ற செய்தியோ காதையின் கடைப்பகுதியிலேதான் வருகின்றது.

இவ்வமைப்பைச் சுந்தராம்பாள் வரலாற்றின் அமைப்போடு ஒப்பிட்டு நோக்குக. இளங்கோவடிகள் ஆயிரத்தெட்டுக் கழஞ்சைக் கூறுமுன் ஏழாண்டையும் அறுவகை ஆசிரியரையும் கூறினார். நாமோ ஓர் இலட்சம் ரூபாயைக் கூறிவிட்டு ஆசிரியர் ஒருவரையும் கூறாது விடுகின்றோம். அடிகள் வகுத்த முறையைப் பின்பற்றின், நாம் கேட்கவேண்டிய வினா, சுந்தராம்பாளின் ஆடலாசிரியர் யார், இசையாசிரியர் யார், அவர் ஏறிய அரங்கின் அளவு யாது என்பதேயாகும். அவ்வினாவிற்கு விடை, அவர் காலத்து நாடகமேடையில் உள்ளது.

நாடகமேடை என்னும் பள்ளி

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ் நாடகமேடை ஓர் இசைப்பள்ளியாகவே விளங்கியது. சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களைப் பாடல்களோடு இயற்றி, நடிகர்க்குப் பயிற்றினார். 1918இல் மதுரையில் அவர் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாலர் குழுக்களில், சிறுவர் குழுவோடு உண்டு உறங்கி, வைகறை தொடங்கிப் பாடமும் பாட்டும் பயின்றனர். இசையறிவு வழிவழியாகச் சில குடும்பத்தாரிடையே மட்டும் நிலவிய காலத்தில், வறியோர் வீட்டு மக்களுக்கும் அதனை வழங்கிய இடம் இம்மேடையே. செங்கோட்டையில் 1906இல் பிறந்த கிட்டப்பாவும் சிறு பருவத்திலேயே உடன்பிறந்தாருடன் மேடையேறி வளர்ந்தவர் ஆவர்.

இம்மேடை சுந்தராம்பாளுக்குக் கற்பித்தவற்றை மூன்றாக வகுத்துக் கூறலாம்.

முதலாவது, குரலின் ஆற்றல். அன்று ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்தவனுக்கும் பாட்டு எட்டவேண்டும். நாடகம் முன்னிரவில் தொடங்கி விடியும் வரை நடைபெறும். உயர்ந்த சுருதியில், சோர்வின்றி, இரவு முழுதும் பாடுதல் இயற்கைக் குரல் ஒன்றால் மட்டும் இயல்வதன்று. மூச்சை ஆளும் முறையும், குரலைச் சிதையாது காக்கும் முறையும் கைவந்தாலன்றி அஃது ஓராண்டும் நில்லாது. அவர் குரலோ அரை நூற்றாண்டு நின்றது. 1969இல் வெளிவந்த துணைவன் படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருது அவருக்குக் கிடைத்தபோது அவர் அறுபதைக் கடந்திருந்தார். அவ்விருதின் வேர் ஒலிபெருக்கி அறியாத கொட்டகையில் உள்ளது.

இரண்டாவது, சொல்லின் தெளிவு. நாடகப் பாட்டு கதையை நடத்திச் செல்வது. சொல் விளங்காவிடின் கதை விளங்காது. கதை விளங்காவிடின் அவையினர் பொறார். எனவே இராகத்தின் விரிவிற்காகச் சொல்லைச் சிதைத்தலை மேடை இடங்கொடாது. சுந்தராம்பாள் பாடக் கேட்போர், எத்துணை உயரத்தில் குரல் சென்றாலும் வல்லினமும் மெல்லினமும் இடையினமும் தத்தம் ஒலி கெடாது நிற்பதனை உணர்வர். விருத்தம் பாடும்போது தாளக்கட்டின்றிச் சொல்லின் பொருளையே கரையாகக் கொண்டு அவர் குரல் செல்லும். திருவிளையாடல் (1965) படத்தில் ஔவையாராக வந்து முருகனை நோக்கி அவர் பாடும் காட்சி இதற்குச் சான்று. அக்காட்சியின் தொடக்கப் பகுதி சங்கரதாசு சுவாமிகளின் பாட்டு என்பதனை ஈண்டு நினைத்தல் வேண்டும். சுவாமிகள் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், திரையில் ஒலித்தது பழைய மேடையின் குரலே.

மூன்றாவது, எதிர்நின்று பாடும் துணிவு. சிறப்பு நாடகம் எனப்பட்ட முறையில், நடிகர் பல ஊர்களிலிருந்து தனித்தனியே அமர்த்தப்பட்டு வந்து, கூடி ஒத்திகை பார்த்தலின்றி அன்றிரவே மேடையில் ஒருவரை ஒருவர் எதிர்கொள்வர். வள்ளி திருமணத்தில் வேலனுக்கும் வள்ளிக்கும் இடையே நிகழும் தர்க்கம் பாட்டாலும் உரையாலும் நடக்கும் போட்டியே. எதிர் நிற்பவர் எந்த இராகத்தை எடுப்பார், எந்தச் சொல்லை எறிவார் என்பதனை முன்னறிதல் இயலாது. இத்தகைய அரங்கில், கிட்டப்பாவைப் போன்ற பாடகர்க்கு எதிர்நின்று ஈடுகொடுத்தவர் சுந்தராம்பாள். நந்தனார் படத்தில் அவர் நந்தனாராக ஆண்வேடம் தாங்க, வேதியராக நடித்தவர் மகாராசபுரம் விசுவநாத ஐயர். கருநாடக இசையரங்கில் முன்னணியில் நின்ற ஒருவருக்கு எதிரே, நாடகமேடையில் பயின்ற இருபத்தேழு வயதுப் பெண்மணி பாடினார். ஓர் இலட்சம் ரூபாய் பற்றி வியப்போர், அத்தொகை எதன் விலை என்பதனை இக்காட்சியிற் காணலாம்.

தடையும் விடையும்

இங்ஙனம் கூறுங்கால் ஒரு தடை எழும். பயிற்சியே யாவும் எனின், அம்மேடையில் பயின்ற நூற்றுக்கணக்கானோர் ஏன் சுந்தராம்பாள் ஆகவில்லை? குரல் என்னும் பேறு இயற்கை தந்ததன்றோ? அதனை ஒருவர் கேட்டு அறிந்திராவிடின் அது வீணாகியிராதோ? எனவே கண்டெடுப்பே தலையாயது என்பார் இருப்பர்.

இத்தடையில் ஒரு பகுதியை யாம் ஏற்றுக்கொள்கின்றோம். குரல் பேறே, கேட்டு அறிவார் இன்றேல் கலை வெளிப்படாது. ஆற்றுப்படைப் புலவரும் அரசனின் அறியும் ஆற்றலைப் போற்றத் தவறவில்லை. ஆயின் நடேச ஐயர் செய்தது யாது என்பதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் சிறுமியின் குரலைக் கேட்டுக் காசு மட்டும் இட்டுச் சென்றிருந்தால் வரலாறு இல்லை. சிறுமியை அனுப்புவதற்கு ஓர் இடம் அன்று இருந்தது, ஆதலின் அனுப்பினார். கேட்டறிந்த காதைவிட, அனுப்புதற்கு இருந்த இடமே நம் கருத்திற்கு உரியது. நாடகக் குழு இல்லாத காலத்தில் அதே குரல் அதே வண்டியில் ஒலித்திருப்பின், கேட்டவர் வியந்திருப்பர். அடுத்த நிலையத்தில் இறங்கியும் இருப்பர்.

அக்குழுக்கள் திரைப்படம் பேசத் தொடங்கியபின் ஒவ்வொன்றாய் மறைந்தன. இன்றைய தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகள் கண்டெடுக்கும் வேலையை மட்டும் மேற்கொண்டுள்ளன. போட்டியாளரின் வறுமை திரையில் விரிவாகக் காட்டப்படுகின்றது. நடுவர் கண்ணீர் உகுக்கின்றனர். வென்றவர்க்குப் பரிசு கிடைக்கின்றது. அப்போட்டிகளால் நல்ல பாடகர் சிலர் வெளிப்பட்டனர் என்பது உண்மையே. ஆயின் இரவுதோறும் மேடையில் நின்று பத்தாண்டு பயிலும் வாய்ப்பை அவை தருவன அல்ல. வறுமையும் கண்டெடுப்பும் பரிசும் என்னும் மூன்றே உறுப்புடைய கதை, இவ்வாறு வரலாற்றிலிருந்து நிகழ்ச்சி நிரலாகவே மாறிவிட்டது.

வழிநடைப் பாத்திரங்கள்

1933ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் கிட்டப்பா தம் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். சுந்தராம்பாள் அப்போது இருபத்தைந்து வயதினர். அன்றுமுதல் வெண்ணிற ஆடையும் திருநீறுமே அவர் கோலமாயின. ஆடவருக்கு இணையாகக் காதற்பாத்திரம் ஏற்பதில்லை என்று உறுதி பூண்டார். தேசிய இயக்கத்தில் ஈடுபட்டு, சத்தியமூர்த்தியோடு மேடைகளில் பாடினார். 1951இல் சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். 1970இல் பத்மசிறீ விருது பெற்றார். இவை புகழின் படிகள், பலரும் எழுதியவை.

ஆராய்வார் இதுகாறும் போதிய கருத்துச் செலுத்தாதது, அவ்வுறுதிக்குப் பின் அவர் ஏற்ற பாத்திரங்களின் ஒற்றுமையாகும். நந்தனார் (1935) தில்லைக்குச் செல்லும் வழியை நோக்கி ஏங்கியவர். மணிமேகலை (1940) அமுதசுரபி ஏந்தித் திரிந்தவள். ஔவையார் (1953) ஊர் ஊராய் நடந்து பாடியவர். பூம்புகார் (1964) படத்தில் அவர் ஏற்ற கவுந்தியடிகள், புகாரிலிருந்து மதுரைக்குக் கோவலன் கண்ணகியரோடு நடந்தவர். காரைக்கால் அம்மையார் (1973) கயிலைக்குத் தலையால் நடந்தவர். இவர் அனைவரும் இல்லத்தின் எல்லைக்குள் அடங்காது வழியில் நிற்பவர், பெரும்பாலார் பாடுபவர். காதற்பாத்திரம் வேண்டா என்ற கட்டுப்பாடு ஒரு நடிகைக்கு வாயிலை அடைப்பதாகவே முடிந்திருக்கலாம். சுந்தராம்பாளுக்கோ அது தமிழ் இலக்கியத்தின் பாடினியர் நிரையைத் திறந்துவிட்டது. ஆண்துணை இன்றி, அரசவையிலும் தெருவிலும் ஒரே குரலில் பேசிய ஔவையின் உருவம் தமிழ் மக்கள் உள்ளத்தில் இன்று சுந்தராம்பாளின் உருவமாகவே நிற்கின்றது.

இதுவும் நாடகமேடை தந்த தகுதியால் இயன்றதே. அழகுக் கோலத்தையும் இளமையையும் துணையாகக் கொள்ளாது, சொல்லும் குரலும் மட்டுமே துணையாக ஒரு படத்தை இறுதிவரை தாங்குதல் அரிது. அதனை அவர் ஒருமுறை அன்று, நாற்பது ஆண்டு செய்தார். கண்டெடுக்கப்பட்டமை இவ்வாற்றலுக்குக் காரணம் கூற வல்லதன்று. கற்றமையே காரணம் கூறும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் போந்த முடிபுகள் இவை. பாடகர் வறுமையிலிருந்து உயர்ந்த வரலாற்றைக் கூறும் இன்றைய முறை, ஆற்றுப்படை மரபின் வழி வந்ததாயினும், அம்மரபு முதலிடம் தந்த கலைத்திறத்தை விட்டு, வறுமையையும் கொடையையும் மட்டும் கைக்கொண்டது. அதனால் கண்டெடுத்தவர் வள்ளல் ஆகின்றார், கற்பித்தவர் மறைகின்றனர். சுந்தராம்பாளின் வரலாற்றில் மறைந்தவர் பலர்: பாலாம்பாள் என்னும் தாய், உடன் நின்று ஆர்மோனியம் இசைத்தோர், மத்தளம் முழக்கியோர், பாடம் சொல்லிய நாடக ஆசிரியர், எதிர்நின்று தர்க்கம் செய்த நடிகர். இவரையெல்லாம் மீட்டு எழுதுதலே கலைஞர் வரலாறு எழுதுவோர் கடமை. நாடகக் குழுக்களின் விளம்பரத் தாள்கள், இசைத்தட்டுகள், பாட்டுப் புத்தகங்கள் ஆகியவை இன்னும் நூலகங்களிலும் தனியார் இல்லங்களிலும் உள்ளன. இளைய ஆராய்ச்சியாளர் அரங்கேற்று காதையை அளவுகோலாகக் கொண்டு அவற்றைத் துருவுவாராயின், இரயிலுக்கும் இலட்சத்திற்கும் இடைப்பட்ட ஆண்டுகள் எழுதப்படும்.

ஊரப்பாக்கத்து இரயிலில் பாடுவோர்க்கும் இவ்வரலாற்றால் பயன் உண்டு. வேளை வரும் என்று கூறுதல் அவர்க்கு ஆறுதல் ஆகலாம், ஆற்றுப்படுத்தல் ஆகாது. ஆற்றுப்படுத்துவோன் செல்லும் ஊரையும், இடையே தங்கும் ஊர்களையும், சென்றால் கிடைக்கும் உணவையும் பெயர் சுட்டிக் கூறுவான். பயில இடமும் பயிற்ற ஆசிரியரும் இன்ன ஊரில் உளர் என்று அவர்க்கு நாம் கூற வல்லோமாயின், அன்று அப்பயணியின் சொல் மெய்யாகும். அதுவரை, அவர் தட்டில் காசு இடும் நாம், அவர் பாட்டை இறுதிவரை கேட்டாயினும் இறங்குவோமாக.